சிசிலியின் கோதுமைக் களம், 1955: பத்து நிமிடப் படம் ஒன்றைப் பற்றி

கேள்வி: கோடைகால விவசாய வாழ்க்கையைக் காட்டும் பழைய இத்தாலிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். பத்து நிமிடம்தான் ஓடுகிறது. கோதுமை அறுக்கிறார்கள், கோவேறு கழுதைகளைக் களத்தில் சுற்றி ஓட்டுகிறார்கள், காற்றில் தூற்றுகிறார்கள், யாரோ பாடுகிறார்கள். ஆனால் எதையும் விளக்கிச் சொல்லும் குரல் இல்லை. இது யாருடைய படம்? அதில் நடப்பது என்ன? இத்தனையும் ஒரே நாளில் நடந்துவிடுமா? இது உள்ளபடியே எடுத்ததா, அழகுக்காக எடுத்ததா?

பதில்:

நீங்கள் பார்த்தது வித்தோரியோ தே சேதா 1955இல் எடுத்த ‘பராபோலா தோரோ’ என்ற படம். பத்து நிமிடம், வண்ணம், விளக்கக் குரல் இல்லாமை, கோவேறு கழுதைகள் மிதிக்கும் கோதுமைக் களம் ஆகிய நான்கும் பொருந்துவது அதற்குத்தான். தலைப்பைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்வது கடினம். இத்தாலிய மொழியில் ‘பராபோலா’ என்பது நற்செய்தி நூல்களில் வரும் உவமைக் கதையையும் குறிக்கும், கணக்குப் பாடத்தில் நாம் படித்த பரவளையத்தையும் குறிக்கும். ‘தோரோ’ என்றால் பொன்னாலான என்று பொருள். கவைக்கோலால் மேலே வீசப்படும் தானியம் எழுந்து வளைந்து கீழே வரும் பாதை, காற்று சற்றே கலைத்தாலும், ஒரு பரவளையமே. இயேசு சொன்ன விதைத்தவனின் உவமையும் விதைப்பு நிலத்தில் பிறந்ததே. இரண்டு பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் அந்தத் தலைப்பு எவ்வளவு பொருத்தமானது என்பது புரியும்.

தே சேதா 1923இல், இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் வசதியான மேட்டுக்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். ரோமில் கட்டடக்கலை படித்தார். 1954க்கும் 1959க்கும் இடையில் சிசிலி, சார்தீனியா, கலாப்ரியா ஆகிய தென்பகுதிகளில் பத்து குறும்படங்களை எடுத்தார். மெஸ்ஸீனா நீரிணையில் வாள்மீன் வேட்டை, ஸ்த்ரோம்போலி எரிமலையடியில் வாழ்வோர், கந்தகச் சுரங்கத் தொழிலாளர்கள், சூரை மீன் பிடிப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிலையோ ஓர் ஊரையோ எடுத்துக்கொண்டு அதை விட்டு விலகாமல் நிற்கும். எரிமலைத் தீவுகளைப் பற்றிய படம் 1955ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. இவற்றை அவர் பெரிய குழு வைத்து எடுக்கவில்லை. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் பெரும்பாலும் அவரே. மனைவி வேரா கெரார்துச்சி உடன் பணியாற்றினார். ஆட்கள் குறைவாக இருந்ததால்தான் வேலை செய்கிறவர்கள் கேமராவைப் பொருட்படுத்தாமல் தங்கள் வேலையில் இருக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

பத்து நிமிடம் என்ற அளவுக்கு ஒரு காரணம் உண்டு. போருக்குப் பிந்தைய இத்தாலியில், முழுநீளப் படத்துடன் சேர்த்துத் திரையிடப்படும் ஆவணக் குறும்படத்துக்கு வசூலிலிருந்து 3 விழுக்காடு பங்கு தரும் சட்டம் இருந்தது. தயாரிப்பாளர்கள் இந்தப் பணத்துக்காகவே பத்து நிமிடப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான்: அழகான காட்சிகள், பின்னணியில் இசைக்குழு, அவற்றுக்கு மேல் ஓர் அறிவிப்பாளரின் கணீரென்ற குரல். அந்தக் குரல் ஏழை விவசாயியைப் பற்றி அவன் காதில் விழாத இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும். தே சேதா அதே பத்து நிமிட வரம்புக்குள் நின்றுகொண்டே அறிவிப்பாளரை வெளியே அனுப்பினார். இசைக்குழுவையும் அனுப்பினார். அந்தக் காலத்தில் இது சின்ன முடிவு அல்ல. இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுவே என்பது என் எண்ணம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், விளக்கக் குரல் சொல்லாமல் விட்ட வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை தெரிந்தவருக்கு இந்தப் படம் வேறு விதமாகப் புலப்படும்.

சிசிலியின் உள்நாடு மலையும் மேடுமான மானாவாரி நிலம். மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையில் அநேகமாக இல்லை. அதனால் கோதுமையை நவம்பர், டிசம்பரில் விதைத்து ஜூனில் அறுப்பார்கள். பாஸ்தாவுக்கு ஆகும் கடினக் கோதுமைதான் அங்கே பயிர். அக்காலத்து ரகங்கள் இன்றைய குட்டை ரகங்களைப் போல் அல்ல. ஆள் மார்பளவுக்கும் அதற்கு மேலும் வளர்ந்து நிற்கும். வைக்கோலும் தேவைப்பட்டது, கழுதைக்கும் மாட்டுக்கும் தீவனம் அதுதான். ஜூன் மாத வெயிலில் பயிர் காய்ந்துவிட்டால் கதிரிலிருந்து மணி உதிரத் தொடங்கும். எனவே அறுவடை என்பது நாளெண்ணிச் செய்யும் வேலை. விடியும் முன்பே வயலில் இறங்குவதற்குக் குளிர்ச்சி மட்டும் காரணம் அல்ல. பனி ஈரம் இருக்கும்போது தாள் துவண்டு கொடுக்கும், மணி கொட்டாது. வெயில் ஏறிவிட்டால் அரிவாள் படும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தானியம் மண்ணுக்குப் போகும்.

அறுப்பவர்கள் வரிசையாக நின்று முன்னேறுவார்கள். இடக்கையால் தாளைச் சேர்த்துப் பிடித்து வலக்கை அரிவாளால் இழுப்பது, உலகத்தில் கதிர் அறுக்கும் எவருக்கும் தெரிந்த அசைவுதான். சிசிலிக்காரர்கள் இதில் ஒரு காப்பு வைத்திருந்தார்கள். இடக்கை விரல்களில் நாணல் குழாய்த் துண்டுகளை மாட்டிக்கொள்வார்கள். ஒரு விரல் நீளத்துக்கு நாணலை நறுக்கி, உள்ளே விரல் போகும் அளவுக்குக் குடைந்து, நுனியைச் சாய்வாகச் சீவி வைத்திருப்பார்கள். அரிவாள் தவறினால் விரல் போகாமல் நாணலில் பட்டு நிற்கும். அதோடு விரல்கள் நீண்டதுபோல் ஆவதால் ஒரு பிடியில் கூடுதலான தாளை வளைத்துப் பிடிக்கவும் முடியும். மார்பிலும் கையிலும் தோலாலான உறையும் கட்டுவார்கள், கடினக் கோதுமையின் கூர்முனை அவ்வளவு கீறும். இத்தாலிய நாட்டுப்புற அருங்காட்சியகங்களில் இந்த நாணல் விரல்கள் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பார்ப்பவர்களில் பலருக்கு அது என்னவென்றே தெரிவதில்லை.

அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்துக் கட்டாகக் கட்டுவது தனி ஆளின் வேலை. கட்டுவதற்குக் கயிறு வாங்குவதில்லை, தாளையே முறுக்கிப் பிரியாக்கிக் கட்டுவார்கள். கட்டுகள் வயலிலேயே நின்று காயும். பிறகு கோவேறு கழுதைகளின் முதுகில் இருபுறமும் அடுக்கிக் களத்துக்குக் கொண்டுபோவார்கள். மலைச் சரிவுகளில் வண்டி போகாது. அந்தப் பொதிக்கு அடியில் கழுதை இருப்பதே தெரியாமல், கோதுமைக் குவியல் ஒன்று தானாக நடந்து வருவது போலத் தோன்றும்.

களம் காற்று தடையின்றி வரும் மேட்டில் இருக்கும். மண்ணை வட்டமாகச் சமன்செய்து, நனைத்து, மிதித்து இறுக்கியிருப்பார்கள். கட்டுகளைப் பிரித்துக் களம் முழுதும் பரப்புவார்கள். பிறகு இரண்டு கோவேறு கழுதைகளைப் பிணைத்து, நடுவில் நிற்கும் ஒருவர் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவற்றைச் சுற்றி ஓட்டுவார். நம்முடைய பிணையல் மாட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நெல்லைப் பெரும்பாலும் கையால் அடித்து எடுத்துவிட்டு, தாளில் ஒட்டியிருக்கும் மிச்ச மணிக்காகத்தான் மாடு விட்டு மிதிப்பது நம் வழக்கம். மாடு ஆடி அசைந்து நடக்கும். அங்கே கோதுமையை முதலிலிருந்தே மிதித்துத்தான் எடுப்பார்கள், மிதிப்பதும் வேகமாக இருக்க வேண்டும். அதனால் அங்கே கழுதைகள் நடப்பதில்லை, ஓடுகின்றன. இந்த வேலைக்கு உச்சி வெயில்தான் நல்ல நேரம், ஏனென்றால் தாள் எவ்வளவு சூடேறி மொறுமொறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நொறுங்கும். மனிதனுக்கு மிகக் கொடுமையான நேரமும் கோதுமைக்கு மிக உகந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. நடுவில் நிற்பவருக்கு நிழலும் இல்லை, நிற்கவும் வழியில்லை. கழுதைகளோடு சேர்ந்து அவரும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது திசையை மாற்றி ஓட்டுவார். இல்லாவிட்டால் கழுதைகளுக்குத் தலை சுற்றும். மற்றவர்கள் இடையிடையே கவைக்கோலால் தாளைப் புரட்டி, அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவார்கள்.

நீங்கள் கேட்ட பாட்டு இங்கேதான் வருகிறது. களத்தில் கழுதை ஓட்டுபவர் பாடுவது சிசிலியின் பழைய வழக்கம். நற்கருணையையும் மரியன்னையையும் புனிதர்களையும் பெயர் சொல்லிப் போற்றுவதும், கழுதைகளுக்கு உற்சாகம் ஊட்டுவதும், காற்றை வேண்டுவதும் அந்தப் பாட்டில் கலந்திருக்கும். வரியின் நீளம் கழுதைகளின் ஓட்டத்துக்கும் ஓட்டுபவரின் மூச்சுக்கும் ஏற்ப நீளும், குறுகும். மேடையில் நின்று இதைப் பாட முடியாது, கையில் கயிறு இருந்தால்தான் பாட்டு வரும். இதே காலத்தில், 1954 கோடையில், அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸும் இத்தாலியரான தியேகோ கார்ப்பித்தெல்லாவும் சிசிலி தொடங்கி இத்தாலி முழுதும் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்து இத்தகைய தொழிற்பாடல்களைச் சேகரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாங்கள் ஒரு மறைவின் விளிம்பில் நிற்கிறோம் என்ற உணர்வு அந்தச் சில ஆண்டுகளில் பலருக்கும் இருந்திருக்கிறது.

மிதித்து முடிந்ததும் தூற்றல். இதற்குக் காற்று வேண்டும், காற்றை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பிற்பகலில் வெயில் தாழும்போது காற்று எழும் வரை காத்திருப்பார்கள். எழுந்ததும் மரக் கவைக்கோல்களால் மிதிபட்ட குவியலை உயரே வீசுவார்கள். வைக்கோல் காற்றோடு சற்றுத் தொலைவில் போய் விழும், பதரும் தூசும் அதற்கும் அப்பால் போகும், மணி நேர் கீழே விழும். இலேசானது போன பிறகு கவைக்கோலை வைத்துவிட்டு மரச் சட்டுவம் போன்ற அகன்ற துடுப்பால் வீசுவார்கள், அதன் பிறகு சல்லடை. ஒவ்வொரு கட்டத்திலும் கருவி மாறுவதற்குக் காரணம் குவியலில் தாளின் அளவு குறைந்துகொண்டே வருவதுதான். எவ்வளவு உயரம் வீச வேண்டும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது; அதை முகத்தில் படும் காற்றைக் கொண்டு கணித்துவிடுவார்கள். தே சேதா இந்தத் தூற்றலை வானத்தைப் பின்புலமாக வைத்து எடுத்திருக்கிறார். பொன்னிறத் தூசு வெளிச்சத்தில் நிற்கும் அந்தக் காட்சிகளைப் பலரும் அழகுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும் நேரமே அந்த ஒளியின் நேரம் என்பதைக் கவனியுங்கள். சாயங்கால வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தவர் தே சேதா அல்லர், காற்றுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வரலாம். இத்தனையும் ஒரே நாளில் நடக்காது. அறுத்த கட்டு காய்வதற்கே பல நாள் ஆகும். சாதாரண நிலத்துக்கு அறுப்பு முதல் அளப்பு வரை வாரக்கணக்கில் வேலை இருக்கும். படம் அதை விடியலில் தொடங்கி மாலையில் முடியும் ஒரே ஓட்டமாகச் சுருக்கித் தருகிறது. தே சேதாவின் பல குறும்படங்களில் இந்த அமைப்பைக் காணலாம். ஒரு தொழிலை ஒரு நாளின் வடிவத்தில் வைத்துக் காட்டுவார். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அறுப்பு விடிகாலைக்கும், மிதிப்பு உச்சிப் பொழுதுக்கும், தூற்றல் பிற்பகலுக்கும் உரியவை என்பதால், வாரங்களைச் சேர்த்து ஒரு நாளாக்கினாலும் ஒவ்வொரு வேலையும் தன் பொழுதிலேயே நிற்கிறது. படத்தில் உள்ள நாள் எந்தத் தேதியும் அல்ல, ஆனால் ஒவ்வொரு மணியும் சரியான மணிதான்.

விளக்கக் குரல் இல்லாததைப் பற்றி முன்பு குறிப்பிட்டேன். அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு களத்தில் படத்தையும் ஒலியையும் ஒரே நேரத்தில் பொருத்திப் பதிவது எளிதல்ல. தே சேதா ஒலியை நாடாக்கருவியில் தனியாகப் பதிந்தார். அரிவாளின் சரசரப்பு, குளம்பொலி, ஆட்களின் கூப்பாடு, பாட்டு என்று எல்லாம் அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டவை; அவற்றைப் பிறகு படத்தோடு வைத்துத் தொகுத்தார். ஆகவே ஒரு குறிப்பிட்ட அரிவாள் வீச்சும் நீங்கள் கேட்கும் அந்தச் சத்தமும் ஒரே கணத்தில் நிகழ்ந்தவை அல்ல. ஆனால் இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை. ஒலி இங்கே படத்துக்குத் துணை போவதில்லை, படத்தை நடத்திச் செல்கிறது. பாட்டு வேகமெடுக்கும்போது காட்சிகளும் குறுகி வேகமெடுக்கின்றன, பாட்டு ஓயும்போது காட்சியும் இளைப்பாறுகிறது. விளக்கக் குரல் ஒன்று இருந்திருந்தால் அது முதலில் கொன்றிருப்பது இந்தத் தாளத்தைத்தான். இரண்டாவதாக, அது அந்த மனிதர்களை விளக்கம் தேவைப்படுகிறவர்களாக ஆக்கியிருக்கும். இப்போதோ அவர்கள்தான் தெரிந்தவர்கள், நாம் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள். இந்த இடமாற்றத்தை ஒரு சொல்கூடப் பேசாமல் செய்துகாட்டியதற்காகவே இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அழகுபடுத்தியிருக்கிறாரா என்று கேட்டீர்கள். போருக்குப் பிந்தைய இத்தாலியச் சினிமா ஏழைகளைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் காட்டியது. சாம்பல் நிறம்தான் உண்மையின் நிறம் என்பது போன்ற ஓர் எண்ணம் பார்வையாளர்களிடம் பதிந்துவிட்டது. அப்படிப்பட்ட காலத்தில் நீல வானும் பொன் வயலுமாக ஒருவர் எடுத்தால் ‘இது சுற்றுலாப் படம்’ என்ற சந்தேகம் எழுவது இயல்புதான். ஆனால் ஜூன் மாதத்துச் சிசிலியில் வயல் அந்த நிறத்தில்தான் இருக்கும். வறுமையைக் காட்டுவதற்காக நிறத்தை எடுத்துவிடுவதும் ஒருவகை ஒப்பனைதானே? அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. நான் ஏற்கும் குற்றச்சாட்டு வேறு. குவிந்து கிடக்கும் பொலியைப் படம் காட்டுகிறது. அது யாருடையது என்ற கேள்விக்குப் படத்தில் இடமே இல்லை.

அந்தக் கேள்விதான் சிசிலியின் வரலாறு. கி.மு. 241இல் ரோமாபுரியின் முதல் மாகாணமான நாள்முதல் அந்தத் தீவு பிறருக்காகக் கோதுமை விளைவித்தது. கி.மு. 70இல் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ, சிசிலியின் ஆளுநராயிருந்த வெர்ரஸ் மீது வழக்குத் தொடுத்தபோது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, பத்தில் ஒரு பங்கு வரி வசூலிப்பவரோடு கணக்கை முடிக்கும் வரை விவசாயி தன் தானியத்தைக் களத்தை விட்டு எடுக்கக் கூடாது என்று அவர் ஆணையிட்டிருந்தார் என்பதாகும். இருபது நூற்றாண்டுகளுக்குப் பிறகும் சண்டை அதே களத்தில்தான் நடந்தது. பெருநிலக்கிழார் பலேர்மோவிலோ ரோமிலோ இருப்பார். நிலத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த இடைத்தரகர் அதைச் சிறு சிறு துண்டுகளாக வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் ஏற்பாட்டில், விடுவார். கண்டுமுதல் அளக்கும் நாளில் துப்பாக்கியோடு காவல்காரர்கள் வந்து நிற்பார்கள். நில உரிமையாளர் பங்கு, விதைக் கடன், காவல் கூலி என்று ஒவ்வொன்றாக அளந்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் உழுதவனுக்கு. மாஃபியா வளர்ந்த நிலங்களில் ஒன்று இந்தக் களத்துமேடு என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் எழுதியிருப்பது.

போர் முடிந்ததும் விவசாயிகள் கொடி பிடித்துத் தரிசு நிலங்களில் இறங்கினார்கள். 1947ஆம் ஆண்டு மே 1 அன்று போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராவில் மே தினத்துக்காகக் கூடியிருந்தவர்கள் மீது சல்வாத்தோரே ஜூலியானோவின் கொள்ளைக் கூட்டம் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். 1950 டிசம்பரில் சிசிலியின் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 200 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் பிரிக்கப்பட வேண்டும் என்றது. பிரித்துக் கொடுத்த நிலங்களில் பலவும் தண்ணீரும் பாதையும் இல்லாத மோசமான துண்டுகளாக இருந்தன. தே சேதா படம் எடுத்த 1955 இந்தச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். படத்தில் பார்க்கும் ஆட்கள் சொந்த நிலத்தில் அறுக்கிறார்களா, வாரத்துக்கு அறுக்கிறார்களா, கூலிக்கு அறுக்கிறார்களா என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது. அறிவிப்பாளரை வெளியே அனுப்பியதற்கு தே சேதா கொடுத்த விலை இது என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நில உரிமை கண்ணுக்குத் தெரியும் பொருள் அல்ல, அதை யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவருக்கும் இது தெரிந்திருக்கலாம். 1961இல் அவர் எடுத்த முதல் முழுநீளப் படமான ‘பாந்தீதி ஆ ஓர்கோசோலோ’ சார்தீனிய ஆட்டிடையன் ஒருவன் செய்யாத குற்றத்துக்காகத் தேடப்பட்டு, தன் மந்தையை இழந்து, தானே கொள்ளைக்காரனாக மாறும் கதை. உண்மையான இடையர்களையே நடிக்க வைத்து எடுத்த அந்தப் படம் வெனிஸ் விழாவில் முதல் படத்துக்கான பரிசைப் பெற்றது. யாருடைய சொத்து, யாருடைய சட்டம் என்ற கேள்வி அங்கே நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

படம் வந்த பிறகு அந்தக் களம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் சிசிலியின் உள்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் மிலான், தூரின் தொழிற்சாலைகளுக்கும் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போனார்கள். அறுக்க ஆள் இல்லாமல் போனது, அறுக்கும் இயந்திரமும் வந்தது. இவற்றில் எது முன் எது பின் என்று பிரித்துச் சொல்வது கடினம். இயந்திரத்துக்கு உயரமான ரகம் சரிப்படாது, சாய்ந்துவிடும். எனவே குட்டை ரகங்கள் வந்து பழைய நெடும்பயிர்களை ஓரங்கட்டின. கோவேறு கழுதை போனதும் வைக்கோலுக்கும் பழைய மதிப்பு போனது. ஒன்றை எடுத்தால் மற்றவை அனைத்தும் சரியும்படிதான் அந்த ஏற்பாடு ஒன்றோடொன்று பிணைந்திருந்தது. அந்த வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. உச்சி வெயிலில் கழுதையோடு சுற்றியவரின் பேரன் நிழலில் உட்கார்ந்து வேலை செய்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் காற்றை முகத்தால் அளந்த அறிவு எங்கும் எழுதி வைக்கப்படாமல் போவது இழப்புதான், அதை ஓரளவாவது பிடித்து வைத்திருக்கும் இடங்களில் இந்தப் பத்து நிமிடமும் ஒன்று.

குறும்படங்கள் பத்தும் பல ஆண்டுகள் பார்க்கக் கிடைக்காமல் கிடந்தன. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி போன்றவர்கள் அவற்றைப் பற்றித் தொடர்ந்து பேசியதும், பொலோன்யா நகரத் திரைப்படக் காப்பகம் அவற்றைச் சீரமைத்ததுமே இன்று நீங்கள் இவ்வளவு தெளிவான நிறத்தில் பார்ப்பதற்குக் காரணம். தே சேதா இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 2011இல் கலாப்ரியாவில் காலமானார்.

அடுத்து எதைப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். முதலில் இதையே இன்னொரு முறை, ஒலியை நன்றாகக் கூட்டி வைத்துப் பாருங்கள். தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் குளம்பொலி செத்துவிடும், காதுக்கருவி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதே ஆண்டில் வந்த ‘சுர்ஃபராரா’. அதுவும் சிசிலியின் உள்நாடுதான், ஆனால் மேலே கோதுமை விளைந்த அதே மண்ணுக்கு அடியில் கந்தகம் வெட்டியவர்களின் உலகம். வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணோடு அந்த இருட்டுக்குள் இறங்கினால்தான் இரண்டு படங்களும் முழுமையாகப் பிடிபடும். கடைசியாக 1958இல் சார்தீனியாவில் எடுத்த ‘ஊன் ஜோர்னோ இன் பார்பாஜா’. ஆண்கள் மந்தையோடு மலைக்குப் போய்விட்ட ஊரில் பெண்கள் கழிக்கும் ஒரு நாள் அது. விறகு சுமக்கிறார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், மாவு பிசைந்து அடுப்பு மூட்டி ரொட்டி சுடுகிறார்கள். களத்தில் குவிந்த மணி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை தே சேதா அங்கே காட்டியிருக்கிறார்.